இரவல் நிலத்தில் எழுதிய ஏடுகள்

ஊரை விட்டுப் புறப்பட்ட குடும்பம் முதலில் தேடுவது கூரை. அடுத்துத் தேடுவது செய்தி. 1983 யூலைக்குப் பின்னர் எம்மவர் பாரிசிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் வந்திறங்கிய காலத்தில், அச்செய்தி நீல நிற விமானக் கடிதத்தில் கிழமைக் கணக்காகப் பயணஞ்செய்து வந்தது. கொழும்பில் உறவினர் வீட்டுத் தொலைபேசியும், அதன்பின் கடைகளில் வாங்கிய தொலைபேசி அட்டைகளும், அதன்பின் தமிழ் வானொலிகளும் அவ்விடத்தைப் பிடித்தன. இன்று அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட கருவியொன்றில் நொடிப்பொழுதில் வந்து சேர்கின்றது. இம்மாற்றத்தைப் பலரும் கருவிகளின் வரலாறாக எழுதிவருகின்றனர். நாம் இதனை ஒரு காணியின் வரலாறாகப் பார்க்க விரும்புகின்றோம். எம் பேச்சு எவருடைய காணியில் நடந்தது, அக்காணிக்கு எவர் வாடகை செலுத்தினார், வாடகை வராது போனபோது அங்கு நாம் வைத்திருந்த ஏடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பனவே எமது கேள்விகள். காணியும் உறுதியும் இழந்து வந்தவர்கள் இக்கேள்விகளின் பொருளை விளக்கமின்றியே உணர்வார்கள்.

இவ்வரலாற்றைப் பார்க்க வாய்ப்பான மேடு ஒன்று கலிபோர்னியாவில் உண்டு. சன்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்கே, 580, 680 என்னும் இரு நெடுஞ்சாலைகள் சந்திக்குமிடத்தில் அமைந்துள்ள பிளசன்டன் நகரமே அது. 1894ஆம் ஆண்டில் நகராக அமைக்கப்பட்ட இவ்வூர், 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 80,000 மக்களைக் கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் குதிரைப்படையை நடத்திய தளபதி ஒருவரின் குடும்பப் பெயரே இதற்கு இடப்பட்டது. பதிவேட்டில் எழுதிய எழுதுவினைஞர் ஓரெழுத்தை மாற்றி எழுதிவிட்டார் என்றும், பிழையே நிலைத்துவிட்டது என்றும் அவ்வூரார் கூறுவர். குடிவரவு மேசையிலே தந்தை பெயரும் பிள்ளை பெயரும் இடம்மாறிப்போன எமது வாசகர்களுக்கு இது புதுமையாகப் படாது.

பிளசன்டனில் வாழும் தமிழரிற் பெரும்பாலார் தமிழ்நாட்டிலிருந்து தொழில் விசாவில் வந்த கணனித் துறையினர்; ஈழத்தவர் தொகை சிறிது. அங்கு தலைமையகம் கொண்டிருந்த பீப்பிள்சொப்ட் நிறுவனத்தை ஒரக்கிள் நிறுவனம் 18 மாத இழுபறியின் பின் ஏறத்தாழ 1,030 கோடி டொலருக்குக் கைப்பற்றியது. 2005 சனவரியில் ஏறத்தாழ 5,000 பேர் ஒரே தடவையில் வேலையிழந்தனர். வேலைக்கென வந்தவனின் இருப்பும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை அவ்வூர் அன்று கண்டது. எனினும் நாம் அவ்வூரை நாடியதற்குக் காரணம் வேறு. அங்கிருந்து மேற்கே புறப்பட்டால், வீதி நெரிசல் இல்லாத வேளையில், ஒரு மணி நேரத்துக்குள் எமது அன்றாடப் பேச்சைச் சுமக்கும் நிறுவனங்களிற் பெரும்பாலானவற்றின் வாசலை எட்டிவிடலாம். யாகூ வளர்ந்த சனிவேல், கூகிள் உள்ள மவுண்டன் வியூ, பேஸ்புக் உள்ள மென்லோ பார்க் யாவும் அந்தத் தூரத்துக்குள் அடங்கியவை.

எழுத்து வந்த வழி

முதலில் எழுத்து வரவேண்டியிருந்தது. தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அது மறுபுறத்தில் தமிழாகவே தோன்றுவதற்கு எம்மவர் பட்ட பாட்டை இன்றைய இளையோர் அறியார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே கணனிக்கான முரசு என்னும் மென்பொருளை ஆக்கியிருந்தார். 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத் தொகுப்பு வெளியிடப்பட்டபோது, அதிலே தமிழ் எழுத்துகளைத் தோன்றச் செய்தவர் நா. கோவிந்தசாமி. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற், உலகின் பல மூலைகளில் இருந்தவர்களைத் தமிழிலேயே எழுதிப் பேச வைத்தது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் பிறந்தது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிற் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளிலிருந்த தமிழர் சங்க நூல்கள் முதற்கொண்டு பழைய இலக்கியங்களைத் தத்தம் வீடுகளிலிருந்து தட்டெழுதிச் சேர்த்தனர். ஒரு பக்கத்துக்கேனும் எவரும் கூலி பெறவில்லை.

ஆயினும் ஒருவருடைய எழுத்துரு மற்றவரிடம் இல்லையெனில், “அம்மா சுகம்” என்று எழுதியது அங்கே ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கலந்த குப்பையாகத் தோன்றியது. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒன்றைப் படிக்கும் கணனியில் மற்றதைப் படிக்க இயலாது. இதனைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் அறிஞர்கள் கூடினர். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதன் 2002ஆம் ஆண்டு மாநாடு பிளசன்டனுக்கு எதிர்க்கரையில், பொஸ்டர் சிற்றியில், செப்டெம்பர் மாதம் நடைபெற்றது. யூனிக்கோட் என்னும் பொதுக் குறியீட்டு முறையை வகுக்கும் அமைப்பு 1991 சனவரியிலே கலிபோர்னியாவில் பதிவாகியிருந்தது. அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்விடம் போதாது, முறை பிழை என்ற விவாதம் எம்மிடையே நெடுங்காலம் நடந்தது. ஈற்றில் 2010 யூனில், கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. இன்று பேரப்பிள்ளை சிட்னியில் எழுதும் தமிழ் பருத்தித்துறையில் உள்ள பாட்டியின் கைபேசியிலே தமிழாகவே தெரிகின்றதென்றால், பின்னால் இருப்பது பதினைந்தாண்டுச் சண்டையும் சமாதானமும் ஆகும்.

இலவசக் காணி

எழுத்து எம்முடையது, அதை எழுதிவைத்த காணி எம்முடையதன்று. சன்பிரான்சிஸ்கோவில் இயங்கிய ஹொட்வயர்ட் என்னும் இணைய இதழ் 1994 ஒக்டோபர் 27ஆம் நாள் தன் பக்கத்தின் தலைப்பிலே தொலைபேசி நிறுவனமொன்றின் நீள்பட்டை விளம்பரத்தை வெளியிட்டது. இணையத்தில் விளம்பரம் ஒரு தொழிலாகத் தொடங்கிய நாளாக அதனைக் கொள்வர். அதன்பின் வந்த நிறுவனங்கள் மக்களிடம், “இடம் இலவசம், வந்து குடியிருங்கள்” என்றன. அவற்றுள் முன்னின்றது ஜியோசிற்றீஸ். அதன் சொற்களே கவனத்துக்குரியவை. அங்கே பக்கம் அமைத்தவர் குடியேறி எனப்பட்டார். பக்கங்கள் அயல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் வீட்டிலக்கம்கூட இருந்தது. வீட்டிலக்கமும் அயலும் இழந்து வந்த எம்மவர், தத்தம் கிராமத்தின் பெயராலும் பாடசாலையின் பெயராலும் இவ்வாறான இலவச இடங்களிலே பக்கங்கள் எழுப்பினர். கோயிற் கொடியேற்றப் படங்கள், பழைய மாணவர் பெயர்ப் பட்டியல்கள், இடம்பெயர்வின்போது காணாமற் போனோரின் விபரங்கள் எனப் பலவும் அங்கே ஏறின.

யாகூ நிறுவனம் 1999இல் ஜியோசிற்றீசை 350 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கியது. விளம்பரத்தால் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2009 ஒக்டோபர் 26ஆம் நாள் யப்பான் தவிர்ந்த எல்லா இடங்களுக்குமான ஜியோசிற்றீஸ் மூடப்பட்டது. அவ்வாண்டு எம் மக்களுக்கு எவ்வாண்டு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மே மாதத்தில் ஊர்கள் அழிந்தன. ஒக்டோபரில் அவ்வூர்களைப் பற்றி எழுதி வைத்திருந்த பக்கங்களும் சில அழிந்தன. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு கிடையாது. ஒன்று கொடுமை, மற்றது வெறும் கணக்குப் பார்ப்பு. தேடுபவனுக்கு மட்டும் இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரிகின்றன.

அத்துடன் நின்றுவிடவில்லை. கூகிளின் ஓர்க்குட் 2004இல் தொடங்கி இந்திய இளைஞரிடையே பெரிதும் பரவி, 2014 செப்டெம்பர் 30இல் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் கூகிள் பிளஸ் 2019 ஏப்பிரலில் மூடப்பட்டது. மின்னஞ்சல் மூலம் ஊர்ச் சங்கங்கள் கூடிப் பேசிய யாகூ குழுமங்கள் 2020 டிசெம்பரில் முற்றாக முடிந்தன. சேர்ந்திருந்த கோப்புகளும் படங்களும் அதற்குமுன்பே அகற்றப்பட்டிருந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் நாள் இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதனை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். இங்கு நெருப்பு இல்லை, பகையும் இல்லை. ஆகவே நினைவுநாளும் இல்லை.

சந்தையில் தமிழின் விலை

பேஸ்புக் 2004இற் பாலோ ஆல்டோவுக்கு இடம்பெயர்ந்து, 2006 செப்டெம்பரிற் பொதுமக்கள் யாவருக்கும் திறக்கப்பட்டது. அதன் வருமானமும் கூகிளின் வருமானமும் பெரும்பாலும் ஒரே வழியால் வருவன. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் அக்கணத்திலேயே, அவருடைய வயது, ஊர், விருப்பு ஆகியவற்றைக் கணித்து, அவர் கண்முன் தோன்றும் இடத்துக்கு விளம்பரதாரர்களிடையே கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடைபெறுகின்றது. ஏலம் மீண்டும் மீண்டும் நடக்கவேண்டுமாயின் கண் அங்கேயே நிற்கவேண்டும். எனவே கண்ணை நிறுத்தும் செய்தி மேலே வருகின்றது. கோபமும் அச்சமும் கண்ணை நிறுத்துவனவற்றுள் முதன்மையானவை என்பது ஊர்ச் சந்தியிற் கடை வைத்த எவருக்கும் தெரிந்ததே.

இச்சந்தையில் எம் மொழிக்கு நீண்ட காலம் விலையே இருக்கவில்லை. பிறருடைய பக்கங்களில் விளம்பரமிட்டு அவர்களுக்கும் பங்கு கொடுக்கும் முறையைக் கூகிள் 2003இல் தொடங்கியது. அதிலே இந்தி மொழி 2014இலும் வங்காளம் 2017இலும் சேர்க்கப்பட்டன. தமிழ் சேர்க்கப்பட்டது 2018 பெப்ரவரியில். பதினைந்து ஆண்டுகள் தமிழில் எழுதியவர் காசின்றி எழுதினார். இதை ஒரு குறையாகச் சிலர் கூறுவர். எம் கருத்தில் அப்பதினைந்தாண்டில் எழுதப்பட்டவற்றின் தரம், பின்னர் காசுக்காக எழுதப்பட்ட பரபரப்புத் தலைப்புகளின் தரத்திலும் மேலானது.

விலையில்லாத மொழியைப் படித்துக் காவல் செய்வதற்கும் ஆள் வைக்கப்படமாட்டாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியாப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அவர்களுக்கெதிரான சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கிற் பரவின. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றை ஒரு வாரமளவிற் தடைசெய்தது. அவ்வன்முறையிற் தமது தளத்தின் பங்குக்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தந் தெரிவித்தது. வீடிழந்தோர் அதனைப் படித்தனரோ என்பது வேறு விடயம்.

உணவு முத்திரை வாங்கிய பையன்

இவ்வரலாற்றில் அகதிக் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டிய ஒருவரின் கதை உண்டு. யான் கூம் 1976இல் உக்ரேனின் கீவ் நகரிற் பிறந்தவர். 1992இல், பதினாறு வயதில், தாயுடனும் பாட்டியுடனும் மவுண்டன் வியூவுக்கு வந்து சேர்ந்தார். தந்தை அங்கேயே தங்கிவிட்டார். அரச உதவியுடன் கிடைத்த இரண்டு அறை வீடு. தாய் பிறர் பிள்ளைகளைப் பராமரித்தார், மகன் பலசரக்குக் கடையின் தரையைக் கூட்டினார். உணவு முத்திரைக்கு வரிசையில் நின்றனர். தொலைபேசியில் எதையும் பேசமுடியாத, எவரோ ஒட்டுக்கேட்பர் என்ற அச்சமுள்ள நாட்டில் வளர்ந்தவர் அவர். 2009இல், யாகூவில் உடன் பணிசெய்த பிரையன் அக்ரனுடன் சேர்ந்து வட்ஸ்அப்பை ஆக்கினார். விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, வித்தை இல்லை என்று அக்ரன் எழுதிக் கொடுத்த சிறு துண்டொன்று கூமின் மேசையில் ஒட்டப்பட்டிருந்தது. பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒரு டொலர் கொடுத்தாற் போதும் என்பதே அவர்கள் எண்ணம். 2014 பெப்ரவரியில் பேஸ்புக் அதனை 1,900 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. அவ்வொப்பந்தத்திற் கையெழுத்திடுவதற்குக் கூம் தேர்ந்த இடம், ஒருகாலத்தில் உணவு முத்திரைக்குத் தாம் வரிசையில் நின்ற சமூகநல அலுவலகக் கட்டடத்தின் கதவாகும்.

ஒரு டொலர்க் கட்டணம் 2016 சனவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்பிரலில், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர எவரும் படிக்கவியலாத பூட்டு எல்லாச் செய்திகளுக்கும் இடப்பட்டது. ஒட்டுக்கேட்பை அறிந்த சமூகங்களுக்கு இது பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாண்டு ஓகஸ்டில், பயனாளர் விபரங்கள் சிலவற்றைத் தாய் நிறுவனத்துடன் பகிரும் முடிவும் வந்தது. அக்ரன் 2017இலும் கூம் 2018இலும் விலகினர். 2025 யூனில், வட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. உரிமையாளனே சொன்ன வாக்கும், காணி கைமாறியபின் நிலைக்கவில்லை. தாயும் பிள்ளையும் பேசிய குரற்பதிவுகள், மரணவீட்டுப் படங்கள், குழந்தையின் முதற் சொல் யாவும் இன்று எம் குடும்பங்களில் இருப்பது அக்காணியிலும், அதனை ஏந்திய கைபேசியிலுந்தான். கைபேசி உடைந்தால் பல குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

காகிதத்தின் நிலை

பத்திரிகையாகிய நாம் எம் தொழிலைப் பற்றியும் பேசவேண்டும். விளைகுடாப் பகுதியின் பாலோ ஆல்டோ வீக்லி என்னும் வாரப் பத்திரிகை 1994 சனவரியிலேயே தன் முழு உள்ளடக்கத்தையும் இணையத்தில் இட்டது. அவ்வாறு செய்த முதற் பத்திரிகை தானே என்பது அதன் பெருமை. அதே வெளியீட்டாளர் 2000ஆம் ஆண்டில் பிளசன்டன் வீக்லியைத் தொடங்கினர். அது ஊர்க் கடைகளின் விளம்பரத்தால் நின்ற பத்திரிகை. ஆனால் 1995இற் சன்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கெனத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், வீடு வாடகை, வேலை, பழைய தளபாடம் ஆகிய சிறு விளம்பரங்களை ஏறக்குறைய இலவசமாக்கிவிட்டது. எஞ்சியவற்றைக் கூகிளும் பேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005இல் ஏறத்தாழ 4,900 கோடி டொலராக இருந்து, 2020இல் 1,000 கோடிக்கும் கீழே வீழ்ந்தது. 1874இல் தொடங்கிய ஓக்லண்ட் ரிபியூன் 2016இல் வேறொரு பத்திரிகையுடன் இணைக்கப்பட்டுப் பெயரிழந்தது. பிளசன்டன் வீக்லியின் வெளியீட்டாளர் 2024 சனவரியில் இலாபநோக்கற்ற அமைப்பாக மாறி, வாசகரின் நன்கொடையை நாடினர். செல்வம் கொழிக்கும் அப்பள்ளத்தாக்கிலேயே ஊர்ப் பத்திரிகையின் நிலை இதுவாயின், அகதிகளின் வார ஏடுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. நகைக்கடை, புடைவைக்கடை, தொலைபேசி அட்டை, குடிவரவுச் சட்டத்தரணி ஆகியோரின் விளம்பரங்களே எம்மைப் போன்ற ஏடுகளைத் தாங்கின. தொலைபேசி அட்டை வழக்கொழிந்தது. மரண அறிவித்தல்கள் இணையத்தளங்களுக்குச் சென்றன. கடைக்காரரும் குற்றவாளியல்லர், வாடிக்கையாளர் இருக்குமிடத்தில்தான் அவர் பலகை வைப்பார்.

ஆயினும் இழந்தவற்றுடன் எஞ்சியவற்றையும் எண்ணவேண்டும். ஜியோசிற்றீஸ் மூடப்படுமுன் தன்னார்வத் தொண்டர் சிலர் இரவுபகலாக முயன்று அதிற் பெரும்பகுதியைப் படியெடுத்தனர். 1996இல் புரூஸ்ரர் கால் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகமும் தன் பங்குக்குப் படியெடுத்தது. இக்காப்பகம் இருப்பதும் அதே சன்பிரான்சிஸ்கோவில், முன்னர் கிறிஸ்தவ ஆலயமாக இருந்த கட்டடத்திலாகும். பழைய முகவரி தெரிந்தவர்கள் தம் கிராமத்துப் பக்கத்தை இன்றும் அங்கே தேடிப் பார்க்கலாம். எல்லாம் கிடைக்காது, சில கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதனைத் தொடக்கத்திற் கட்டி வளர்த்தவர், வளைகுடா அரபு நாட்டிற் பணிசெய்த ஈழத்தவரான இ. மயூரநாதன். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காக்கும் நூலகம் திட்டம் 2005இல், மதுரைத் திட்டம்போலவே கூலியற்ற கைகளால் தொடங்கப்பட்டது. இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இவற்றில் எதிலும் விளம்பரம் இல்லை. நன்கொடை குறைந்தால் இவையும் தளரும் என்பது உண்மை. ஆனால் ஏலத்தில் விலைபோகாத காரணத்துக்காக எவரும் இவற்றை ஒரே நாளில் மூடிவிடமாட்டார்.

நூலகத்துக்குச் சென்று சேராதவை இன்னும் பல. 1980களிலும் 1990களிலும் அகதி முகாம்களிலும் வாடகை அறைகளிலும் கல்லச்சிலும் ஒளிப்படியிலும் வெளிவந்த சிற்றிதழ்கள், ஊர்ச் சங்க மலர்கள், நினைவு மலர்கள், வாரப் பத்திரிகைகள் ஆகியன வீடுகளின் நிலவறைகளிலும் பரண்களிலும் பெட்டிகளிற் கிடக்கின்றன. மலிந்த செய்தித்தாள் காகிதம் முப்பது ஆண்டிற் பழுப்பேறி, மடிப்பில் முறியத் தொடங்கும். முதியவர் ஒருவர் காலமானதும் வீடு துப்புரவாக்கப்படும்போது முதலிற் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டியே. அவ்வாறான பெட்டி எவர் வீட்டிலேனும் இருப்பின் எமது பணிமனைக்கு அறியத்தருக. முதற் பக்கமும் இறுதிப் பக்கமும் கிழிந்திருந்தாலும் ஏற்கப்படும். நூல்கள் வருடப்பட்டபின் உரியவரிடமே திருப்பித் தரப்படும்.